படத்தை இறக்கி வைத்த ஞாயிற்றுக்கிழமை

வீட்டை விற்பது என்று முடிவெடுத்தபோது எனக்குப் பெரிய தயக்கம் ஒன்றும் இல்லை. பயம் பிறகுதான் வந்தது. புரோக்கர் வந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன அன்றிலிருந்து.

ஆனையூரில் இருந்த அந்த வீட்டை நானும் என் மனைவியும் கட்டினோம். அப்போது நான் கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் நான் வேலையில் கிடக்க, மேஸ்திரியோடு மல்லுக்கு நின்று வீட்டை எழுப்பியவள் அவள்தான். கடைசியில் அவளுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பின்பக்க அறையில் வெகுநாள் படுத்திருந்து, அந்த அறையிலேயே போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு நானும் ரிட்டயர் ஆகிவிட்டேன். எங்களுக்கு ஒரே மகள், திருப்பரங்குன்றத்தில் இருக்கிறாள். அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் கைக்குழந்தை.

"இங்கிட்டு வந்துருங்கப்பா. பக்கத்துத் தெருவுல சின்னதா ஒரு வீடு காலியாகுது. அங்க ஒத்தையில கெடந்து என்ன செய்யப் போறீக?" என்று அவள் போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருநாள் சரி என்றேன்.

புரோக்கர் என்னைவிட இளையவர். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டியபடியே அறை அறையாகப் போய்ப் பார்த்தார். போனில் படம் எடுத்தார். சில இடங்களில் எடுக்காமல் போனைத் தாழ்த்திக்கொண்டார். அதை நான் கவனித்தேன்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. வீடு நல்ல வீடு. ஆனா பின்னாடி போனா ஆஸ்பத்திரிக்குள்ள வந்த மாதிரி இருக்கு."

தலைப்பக்கம் தூக்கி இறக்குகிற இரும்புக் கட்டில், அதன் பக்கத்தில் ஓட்டை போட்ட நாற்காலி, குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடுவதற்காக நான் சுவரில் அடித்த ஆணி, பாத்ரூம் சுவரில் அவள் பிடித்து எழுவதற்காக மாட்டிய ஸ்டீல் கைப்பிடி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்கு அவையெல்லாம் கண்ணில் படுவது நின்று எவ்வளவோ காலமாகியிருந்தது.

பிறகு ஹாலில் வந்து நின்றார். விரலை நீட்டாமல் மோவாயால் காட்டினார். மாலை போட்டு, கீழே சின்னச் சிவப்பு பல்பு எரிகிற என் மனைவியின் படம்.

"இதையும் கொஞ்ச நேரத்துக்கு..."

நான் போய் ஃபேன் ஸ்விட்சைப் போட்டேன்.

"வாரவுக உள்ள நொழஞ்சதும் இதத்தாண்ணே பாப்பாக. எப்பப் போனாக, எங்க போனாகன்னு கேப்பாக. இதே வீட்டுல, படுக்கையில கெடந்துன்னு தெரிஞ்சா அம்புட்டுத்தான். கேட்டாச் சொல்லுவோம். கேக்காம நாம எதுக்குச் சொல்லணும்? ஆடி பொறக்கப் போகுது. பொறந்துட்டா ஒருத்தனும் வீடு பாக்க வரமாட்டான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பத்தை அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் என் தங்கச்சி வந்து கூட இருந்தாள். செக்கானூரணிப் பக்கம் அவளுக்குத் தோட்டம் துரவு. வீட்டில் ஒரு பெண் இருந்தால் நன்றாக இருக்கும் என்று புரோக்கர் சொன்னதால்தான் அவளைக் கூப்பிட்டேன். வந்த வேகத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒட்டடை அடிக்க ஆரம்பித்தாள். கட்டிலையும் நாற்காலியையும் அடுத்த தெருவில் நோயாளி இருந்த ஒரு வீட்டுக்குக் கொடுத்தோம். கட்டில் கால் இருந்த இடத்தில் தரையில் நாலு வட்டம் மஞ்சளாகத் தெரிந்தது. தங்கச்சி அதை ஆசிட் போட்டுத் தேய்த்தாள். கொஞ்சம் மங்கியது, போகவில்லை. அதன் மேல் ஒரு பாயை விரித்துப் பார்த்தோம். காலி அறையில் பாய் மட்டும் கிடந்தது இன்னும் மோசமாக இருந்தது. சுருட்டி வைத்துவிட்டோம்.

கைப்பிடியை நானே கழற்றினேன். பச்சை டைல்ஸில் நாலு ஓட்டை விழுந்தது. வெள்ளைச் சிமெண்டைக் குழைத்து அடைத்தேன். ஓட்டையாக இருந்தபோதாவது கூர்ந்து பார்த்தால்தான் தெரிந்தது. இப்போது நாலு வெள்ளைப் பொட்டுகள், பாத்ரூம் கதவைத் திறந்ததுமே கண்ணில் வந்து குத்தின.

என்னை ரொம்ப அரித்தது வாடைதான். அந்த அறையில் மருந்து வாடை அடிக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அதற்குள்ளேயே இருந்தவனுக்கு எப்படித் தெரியும்?

"ஏத்தா, இந்த ரூம்புல ஏதாச்சும் வாடை அடிக்குதா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலண்ணே" என்றாள். ஆனால் சாயங்காலம் சாம்பிராணி போட்டபோது, மற்ற அறைகளில் ஒரு சுற்றுக் காட்டிவிட்டு அந்த அறையில் மட்டும் வெகுநேரம் நின்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் படத்தை இறக்கினேன். தங்கச்சி அதைத் தொட மாட்டேன் என்று கொல்லைப்பக்கம் போய்விட்டாள். "மதினியக் கழட்டி வைக்க என் கை வராதுண்ணே." ஸ்டூல் போட்டு ஏறி, மாலையை எடுத்து, பல்பு வயரைப் பிடுங்கி, படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். சுவர் முழுக்க மங்கியிருக்க, படம் இருந்த இடம் மட்டும் புதுப் பெயிண்டாகப் பளிச்சென்று இருந்தது. அங்கே ஒரு முருகன் காலண்டரை மாட்டினேன். காலண்டர் அகலம் போதவில்லை. இரண்டு பக்கமும் ஒரு விரல்கடை பளிச்சென்று நின்றது. படத்தைப் புதுத் துண்டில் சுற்றி, பீரோவில் அவள் சேலைகள் இருந்த தட்டில் வைத்தேன். முகம் மேலே பார்க்க வைப்பதா, கீழே பார்க்க வைப்பதா என்று ஒரு குழப்பம். மேலே பார்க்க வைத்துப் பூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வழக்கம்போல் போன் செய்தாள். "அம்மாவுக்குப் பூ வச்சீங்களாப்பா?" என்றாள். வச்சாச்சு என்றேன். காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். விடிந்ததும் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். கரண்ட் போய்விடுமோ என்று ஃபேனை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தேன். தெருநாய் ஒன்று கேட் ஓரம் அசிங்கம் செய்துவிட்டுப் போயிருந்தது, அதைக் கழுவினேன். பாத்ரூமுக்குப் போய் நாலு பொட்டையும் பார்த்தேன். ஒரு வாளியை அதற்கு நேராக வைத்தேன். வாளியால் எதை மறைக்க முடியும்? எடுத்துவிட்டேன். தங்கச்சி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாள். "பொண்ணு பாக்க வர்ற மாதிரி இருக்குண்ணே" என்றாள்.

பத்தரைக்குக் கார் வந்தது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பையன், அவன் மனைவி, அவனுடைய அம்மா. பையனுக்கு ஏதோ கம்பெனியில் நல்ல வேலை என்று புரோக்கர் சொல்லியிருந்தார். மனைவி குள்ளமாக, சுறுசுறுப்பாக இருந்தாள், ஸ்கூல் டீச்சர். அந்த அம்மாவுக்கு முட்டிவலி. மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்படி ஏறினார்.

நான் அந்த அம்மாவைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தேன். துருவிக் கேட்கிற வயது. ஆனால் அவர் நேரே போய்க் குழாயைத் திறந்தார். உள்ளங்கையில் தண்ணீரைப் பிடித்துக் குடித்துப் பார்த்தார். "போர்த் தண்ணியா தம்பி? உப்பு கம்மியாத்தான் இருக்கு" என்றார். புரோக்கர் எனக்குப் பின்னாலிருந்து மெல்ல முதுகில் தட்டினார்.

பையன் எதுவும் பேசாமல் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து மூடினான். பின்பக்க அறைக்குள் போய் ரொம்ப நேரம் நின்றான். அகலத்தைக் காலடியால் அளந்தான். பாத்ரூம் கதவு எத்தனை தூரம் என்று பார்த்தான். தரையில் இருந்த மஞ்சள் வட்டங்கள் மீது அவன் கால் பட்டு நகர்ந்ததை நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "இந்த ரூம் நல்லா இருக்கு, மாடி ஏற வேண்டாம்" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னான். பிறகு ஹாலுக்கு வந்து, "ஆடி என்னைக்கும்மா பொறக்குது?" என்று கேட்டபடி காலண்டர் தாளைத் தூக்கினான். காலண்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்னாலிருந்த பளிச் சுவர் பாதி தெரிந்தது. நான் ஓரடி முன்னால் வைத்தேன். அவன் தேதியைப் பார்த்துவிட்டுத் தாளை விட்டான்.

அப்போதுதான் அந்த டீச்சர் பெண் கேட்டாள்: "வீட்ல அம்மா இல்லையா சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி முந்திக்கொண்டாள். "மக வீட்டுக்குப் போயிருக்காக. திருப்பரங்குன்றம்."

புரோக்கர் தலையை ஆட்டினார். விஷயம் அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண் சமையலறைக்குள் போனாள். போனவள் அடுப்பு மேடை முன்னால் அசையாமல் நின்றாள். இரண்டு கையையும் மேடை மேல் வைத்துப் பார்த்தாள். ஒரு பாத்திரத்தைக் கிண்டுவதுபோலக் கையைச் சுழற்றினாள்.

"அத்தை, இங்க வாங்களேன். மேடை எனக்குன்னே கட்டுன மாதிரி இருக்கு. எங்க போனாலும் எனக்கு மேடை நெஞ்சு வரைக்கும் வரும். இது யார் சொல்லிக் கட்டுனது சார்?"

"அவதாம்மா. அவளும் உங்க உயரந்தான். மேஸ்திரி இவ்வளவு தணிவா கட்டினா பாக்க நல்லாருக்காதுன்னு சொன்னாரு. 'சமைக்கிறது நீங்களா நானா'ன்னு கேட்டு, போட்டத உடைச்சுத் திரும்பக் கட்ட வச்சா."

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. என் மனைவியைப் பற்றி யாரிடமாவது சிரித்துப் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

"நான் அவங்ககிட்டப் பேசணும் சார். கிச்சன்ல காத்து எப்படி, மழைக்கு ஜன்னல்ல சாரல் அடிக்குமான்னு எல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும். நம்பர் குடுங்க, இப்பவே ஒரு வார்த்தை பேசிக்கிறேன்." பையிலிருந்து போனை எடுத்துவிட்டாள்.

தங்கச்சி புரோக்கரைப் பார்த்தாள். புரோக்கர், "அப்புறம் நான் வாங்கித் தாரேன் மேடம்" என்றார். "அதுக்கென்ன, சார்தான் இருக்காரே" என்று அவள் என்னையே பார்த்தாள்.

"அவ இல்லம்மா" என்றேன்.

"அதான் மக வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு சொன்னாங்களே. போன்ல பேசிக்கிறேன்."

இல்லை என்று சொன்னால் போதும் என்றிருந்தேன். போதவில்லை. அந்தச் சொல்லையும் சொல்லியாக வேண்டியிருந்தது.

"இறந்துட்டாம்மா. ஒன்றரை வருஷமாச்சு. இந்த வீட்டுலதான்."

அந்தப் பெண் போனை மெதுவாகப் பைக்குள் வைத்தாள். தங்கச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பையன் சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தான். எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை, ஆனால் அவன் முகம் மாறியிருந்தது.

பையனின் அம்மாதான் முதலில் பேசினார். "எந்த ரூம்புல தம்பி?"

நான் அழைத்துப் போய்க் காட்டினேன். அவர் உள்ளே போய் ஜன்னல் பக்கம் பார்த்தார், தரையைப் பார்த்தார். பாத்ரூம் கதவைத் திறந்தார். "இது என்ன, நாலு பொட்டு?"

"கைப்பிடிம்மா. அவ பிடிச்சு எந்திரிக்கிறதுக்கு மாட்டியிருந்தேன்."

"அத ஏன் கழட்டுனீக?" என்றார், முட்டியைத் தடவிக்கொண்டே. "இருந்தா எனக்கு ஆகுமுல்ல."

அதற்குள் பையனின் குரல் ஹாலிலிருந்து வந்தது. "அம்மா, கெளம்பலாம்." கொஞ்சம் கடுமையாகவே இருந்தது. கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

டீச்சர் பெண் மட்டும் திரும்பி, "வாரோம் சார்" என்றாள். போகிறவர்கள் எல்லோரும் சொல்கிற சொல்தான். ஆனாலும் கார் தெரு முனை திரும்புகிறவரை அதையே நினைத்துக்கொண்டு நின்றேன். வழக்கத்துக்குச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா?

"ஒரே ஒரு வார்த்தைண்ணே" என்றார் புரோக்கர். "நம்பர் அப்புறம் தாரேன்னு சொல்லியிருக்கலாம்ல? டீச்சரம்மாவுக்குக் கிச்சன் புடிச்சுப் போச்சு. கையில வந்தது நழுவிப் போச்சு." என்மேல் கோபப்பட முடியாமல் ஹெல்மெட்டை ஓங்கி மாட்டிக்கொண்டு போனார்.

தங்கச்சி அழுதாள். "எல்லாம் என்னாலதான். என் வாயி சும்மா இருந்துச்சா?"

"நீ என்ன செய்வ. நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றேன். பீரோவைத் திறந்து படத்தை எடுத்தேன். காலண்டரைக் கழற்றிவிட்டுப் படத்தை மாட்டினேன். இந்தத் தடவை ஸ்டூலைத் தங்கச்சி பிடித்துக்கொண்டாள். மகளுக்குப் போன் செய்து நடந்ததையெல்லாம் சொன்னேன். "சரிப்பா, விடுங்க" என்றாள்.

ஆடி பிறந்தது. புரோக்கர் சொன்னது சரிதான். வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஹாலில் படத்தைப் பார்த்துவிட்டு, "போன் பண்றேன்" என்று திரும்பிவிட்டார். இன்னொருவர் மாடியை மட்டும் பார்த்தார். திருப்பரங்குன்றத்து வீட்டுக்காரர், வேறு ஆள் கேட்கிறார்கள், வருவீர்களா மாட்டீர்களா என்று மகளிடம் கேட்கத் தொடங்கியிருந்தார். படத்தை மாட்டியது சரிதானா, வீம்பு பிடித்துக்கொண்டு மகள் பக்கத்தில் போய் இருக்கிற வாய்ப்பைக் கெடுத்துக்கொள்கிறேனா என்று சாப்பிட உட்கார்ந்தால்கூட அதே யோசனை.

ஆடிக் கடைசியில் ஒரு சாயங்காலம் கேட் தட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பையன், தனியாக, பைக்கில் வந்திருந்தான். உள்ளே வந்து ஹாலில் நின்று படத்தைப் பார்த்தான்.

"அன்னைக்கு நான் பேசாமப் போனது தப்பு சார்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. எல்லாருக்கும் இருக்கிற பயந்தான்."

"அந்தப் பயம் இல்ல சார்." உட்கார்ந்தவன் கைகளைக் கோத்துக்கொண்டான். "அந்தப் பின்னாடி ரூம நான் எங்க அம்மாவுக்குன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். கட்டில் எங்கிட்டுப் போடலாம், ராத்திரி எந்திரிச்சா பாத்ரூம் எம்புட்டு தூரம்னு அளந்துக்கிட்டு இருந்தேன். அந்த நேரத்துல நீங்க சொன்னீங்க. திடீர்னு எங்க அம்மா அங்க படுத்துக் கெடக்கிற மாதிரி தெரிஞ்சுருச்சு. அதுக்கப்புறம் அங்க நிக்க முடியல."

நான் என்ன நினைத்திருந்தேன், அவன் என்ன நினைத்திருக்கிறான். அன்றைக்கு அவன் முகம் மாறியதை வீட்டின் மேல் வந்த அருவருப்பு என்றே இத்தனை நாளும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா சார்?" என்று கேட்டான்.

"மொதல்ல கஷ்டந்தான். பேச்சு வரல. பேச்சு வந்ததும் என்னைத் திட்ட ஆரம்பிச்சுட்டா. சோறு கொழஞ்சாத் திட்டுவா, மோட்டார அமத்த மறந்தாத் திட்டுவா. அந்த ரூம்புல இருந்துக்கிட்டே குக்கர் விசில எண்ணி எனக்குச் சத்தம் போடுவா. கடைசி ரெண்டு நாள்தான் அமைதியா இருந்தா." சொல்லி முடிக்கும்போது அவன் சிரித்திருந்தான்.

"எங்க அம்மா அன்னைக்குக் கார்ல போகும்போதே சொல்லிட்டாங்க. 'உங்க அப்பா போன வீட்டுலதான இம்புட்டு நாளாச் சோறு திங்கிறோம், இங்க மட்டும் என்னடா'ன்னு. என் வீட்டுக்காரி தெனமும் அந்த அடுப்பு மேடையப் பத்தியே பேசுறா. எனக்குத்தான் நாள் தேவைப்பட்டுச்சு. ஆவணியில பத்திரம் போட்டுக்கலாமா சார்?"

போட்டுக்கலாம் என்றேன். அவன் போன பிறகு உடனே யாருக்கும் போன் செய்யத் தோன்றவில்லை. நிச்சயம் நடக்கும் என்று நம்பிக்கை வரவில்லை. பத்திரம் பதிகிற அன்று ஆபீஸ் பெஞ்சில் கையெழுத்துப் போடக் கூப்பிடும் வரைக்கும், ஏதாவது ஒன்று தட்டிவிடும் என்றே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் தட்டவில்லை. அந்த வாரமே திருப்பரங்குன்றத்துச் சின்ன வீட்டுக்குக் குடிபோனேன்.

புதுமனை புகுவிழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். போவதா என்று இருந்தது. விற்றவன் எதற்கு வந்து நிற்கிறான் என்று அவர்கள் சொந்தக்காரர்கள் நினைத்தால்? தங்கச்சிதான், "வாண்ணே, நானும் வாரேன்" என்று இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. பையனின் அம்மா பின்பக்க அறையில் புதுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, அந்த அறையில் ஃபேன் காற்று போதவில்லை என்று மகனை அதட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் பெண் பாலைக் காய்ச்சி முதல் தம்ளரைச் சாமி முன்னால் வைத்துவிட்டு, அடுத்த இரண்டை எங்கள் இருவருக்கும் கொண்டுவந்தாள். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

பந்தியில் உட்கார்ந்து நன்றாகவே சாப்பிட்டேன். தங்கச்சியைச் செக்கானூரணி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நான் திருப்பரங்குன்றம் பஸ் பிடித்தேன். இறங்கும்போது மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டாப்பிலேயே நின்றிருந்தாள்.

"என்னப்பா போட்டாக?" என்றாள்.

"கேசரி, மெதுவடை, பொங்கல். சாம்பார்ல உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றேன். குழந்தையை வாங்கிக்கொண்டு நடந்தேன்.